முட்டை அறையில் ஓர் ஓவன்

ஓவனைக் கொண்டுவர வேண்டாம் என்றுதான் என் கணவர் சொன்னார். "அங்க நமக்கே இடம் இருக்குமான்னு தெரியல. இதை எங்க கொண்டுபோய் வெப்ப?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனாலும் நான் ஓவனைக் காரின் பின்சீட்டில் ஏற்றி, அது ஆடாமலிருக்க இரண்டு பக்கமும் தலையணை வைத்தேன். பழங்கள் ஊறிக்கொண்டிருந்த கண்ணாடி ஜாடியை மடியில் வைத்துக்கொண்டேன். சேலத்தைத் தாண்டி, சங்ககிரி வழியாகத் திருச்செங்கோடு போய்ச் சேரும்வரை அதன் மூடியைத் திருகுவதும் இறுக்குவதுமாகவே இருந்தேன்.

நாங்கள் போய்க்கொண்டிருந்தது என் மாமனார் வீட்டுக்கு. திருச்செங்கோட்டிலிருந்து நாமக்கல் போகும் சாலையைவிட்டு உள்ளே தள்ளி, சோளக்காடுகளுக்கு நடுவே ஒரு கோழிப்பண்ணை. அதை ஒட்டி வீடு. கல்யாணமாகி இரண்டு வருடமாகியும் நான் அந்த வாசலைப் பார்த்ததில்லை. நான் சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். அயோத்தியாப்பட்டணத்தில், ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிற வீட்டில் பிறந்தவள். அப்பா கூலிவேலைக்குப் போனவர். என் கணவர் காடு தோட்டம் உள்ள குடும்பத்தின் ஒரே பிள்ளை. இவ்வளவு சொன்னால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மீதி புரிந்துவிடும். பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. அவர் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. மாமியார் மட்டும் எப்போதாவது மகனுக்குப் போன் செய்வார், மாமனார் ஷெட்டுக்குள் போயிருக்கும் நேரமாகப் பார்த்து.

டிசம்பர் தொடக்கத்தில் மாமனார் கோழி ஷெட்டின் படியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் செய்து பிளேட் வைத்து, படுக்கையைவிட்டு எழக்கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டுக்காரர் படுத்துவிட்டார் என்று கோழிகள் முட்டை போடாமல் இருக்குமா? தீவனம் அரைக்கவேண்டும், முட்டை எடுக்கவேண்டும், லோடு ஏற்றவேண்டும். மாமியாரால் இரண்டு பக்கமும் ஓடமுடியவில்லை. மகனைக் கூப்பிட்டார். "ரண்டு பேரும் வந்துருங்க" என்று அம்மா சொன்னதாகக் கணவர் என்னிடம் சொன்னார். உண்மையிலேயே "ரண்டு பேரும்" என்று சொன்னாரா, இவராகச் சேர்த்துக்கொண்டாரா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். கேட்கவில்லை.

கேட்டைத் திறந்தது மாமியார்தான். மகனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பின்சீட்டில் தலையணைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த ஓவனைப் பார்த்தார்.

"வாங்க" என்றார்.

எங்களில் யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

அந்த வீட்டில் என்னை யாரும் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. என்னிடம் நேராகப் பேசவே இல்லை, அவ்வளவுதான். நான் அவரை அத்தை என்று கூப்பிட்டேன். அவர் என்னை எப்படியும் கூப்பிடவில்லை. "காப்பி இருக்குது" என்பார். "சுடுதண்ணி கொதிச்சிருச்சு" என்பார். குடி என்றோ எடு என்றோ சொல்லமாட்டார். மாமனார் இன்னும் ஒரு படி மேலே. முன்னறையில் ஜன்னல் ஓரமாகக் கட்டில் போட்டுப் படுத்திருந்தார். ரத்தம் கட்டாமலிருக்க வயிற்றில் போடும் ஊசியும், தையல் பிரித்த இடத்தில் நீர் கசிந்துகொண்டிருந்த புண்ணுக்குக் கட்டு மாற்றுவதும் என் வேலையாகிவிட்டன. நான் அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே, சமையலறைப் பக்கம் முகத்தைத் திருப்பி, "அந்தப் புள்ளைய மெதுவாத் திருப்பச் சொல்லு" என்பார். அத்தை அங்கிருந்து, "மெதுவாத் திருப்போணுமாம்" என்பார். நான் மெதுவாகத் திருப்புவேன்.

கட்டு மாற்றி முடிந்தால் அதற்கப்புறம் எனக்கு வேலை இல்லை. வார்டில் ஷிஃப்ட் முழுக்க நின்றே பழகிய உடம்பு. ஒரு மணி அடித்தால் ஓடுவதும், இன்னொன்று அடித்தால் திரும்புவதுமாகவே வருடங்கள் போயிருந்தன. இங்கே எதையும் தொடுவதற்குமுன் தொடலாமா என்று யோசிக்கவேண்டியிருந்தது. பாத்திரம் கழுவப் போனால் அத்தை எனக்கு முன்பே கழுவியிருப்பார். துணி மடிக்கப் போனால் அது அவருடைய புடவையாக இருக்கும். கணவர் விடிந்ததிலிருந்து ஷெட்டிலேயே கிடந்தார். நான் வீட்டிலிருந்து கேட்டுக்கு, கேட்டிலிருந்து தீவனக் கிடங்குக்கு, அங்கிருந்து மறுபடி வீட்டுக்கு என்று நடந்தேன். கோழிகளின் சத்தம் ஓயாது. ஆயிரக்கணக்கான தொண்டைகள் சேர்ந்து முனகுகிற அந்தச் சத்தம், யாரோ எதையோ சொல்ல ஆரம்பித்து முடிக்காமல் விட்டதுபோலவே நாளெல்லாம் இருக்கும். போனை எடுத்து மருத்துவமனையில் யார் யாருக்கு என்ன டூட்டி என்று பார்ப்பேன். லீவை ரத்து செய்துவிட்டுப் போய்விடலாமா என்று நினைப்பேன். அந்த நினைப்போடு போய் மாமனாரின் குதிகாலைத் தூக்கிப் பார்ப்பேன், படுக்கைப்புண் வருகிறதா என்று.

ஃப்ரிட்ஜில் என் ஜாடி இருந்தது. பேரீச்சம்பழம், உலர் திராட்சை, அத்திப்பழம், கொஞ்சம் ஏப்ரிகாட், எல்லாம் பொடியாக நறுக்கி ஆரஞ்சுச் சாற்றில் பட்டைத்தூள் போட்டு ஊறவைத்தது. நர்சிங் ஹாஸ்டலில் என் அறைத் தோழி ஒருத்தி ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விடுமுறைக்கும் முன்னால் இந்தக் குக்கீஸைச் சுடுவாள். அவளிடமிருந்து எனக்குத் தொற்றிய பழக்கம் இது. ஒவ்வொரு முறை ஃப்ரிட்ஜைத் திறக்கும்போதும் தயிருக்குப் பக்கத்தில் அந்த ஜாடி என்னைப் பார்க்கும். விழா நெருங்கிக்கொண்டிருந்தது. நான் ஒன்றும் செய்யாமல் நடந்துகொண்டிருந்தேன்.

ஒருநாள் காலையில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன்.

"அத்தை, அடுப்படில ஒரு ஓரமா அந்த ஓவனை வெச்சுக்கட்டுங்களா? கொஞ்சம் பிஸ்கெட் சுடணும்."

அத்தை தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"முட்டை போடுவாங்களா அதுல?"

"போடணுங்க அத்தை."

"மார்கழி. விரதம் இருக்குது. அவிய காலு நல்லாகோணும்னு மலைக் கோயிலுக்கு வேண்டியிருக்குது. தை பொறக்கறவரைக்கும் அடுப்படில முட்டை வேண்டாம்."

வீட்டைச் சுற்றி எங்கே பார்த்தாலும் முட்டை. அந்தச் சமையலறைக்குள் மட்டும் ஒரு முட்டை இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் காட்டாமல் "சரிங்க அத்தை" என்று திரும்பினேன். முதுகுப் பக்கமிருந்து குரல் வந்தது.

"முட்டை ரூம்ல பிளக்கு இருக்குது."

முட்டை அறை என்பது ஷெட்டுகளிலிருந்து எடுத்துவரும் முட்டைகளை அட்டைகளில் அடுக்கி, லோடு வரும்வரை வைத்திருக்கும் அறை. வீட்டுக்கு எதிரே, மாமனாரின் ஜன்னலுக்கு நேராக இருந்தது. கூரை உயரத்துக்கு அட்டைகள். மூலையில் ஒரு மேஜை. கணவர் வந்து மேஜையைக் காலி செய்து ஓவனைத் தூக்கி வைத்தார். "அம்மாவா சொன்னாங்க?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு அவசரமாகத் தீவன மூட்டை இறக்கப் போய்விட்டார்.

மாவு பிசைவதில் எனக்கு ஒருபோதும் பயம் இருந்ததில்லை. வெண்ணெயை உருக்கி ஆறவைத்து, நாட்டுச் சர்க்கரையைப் போட்டுக் கலக்கவேண்டும். ஜீனியில் செய்தால் மொறுமொறுவென்று ஆகிவிடும். நாட்டுச் சர்க்கரையில் இருக்கும் ஈரம்தான் குக்கீஸைக் கடிக்கும்போது இழுபடவைக்கும். முழு முட்டையோடு மஞ்சள்கரு மட்டும் ஒன்று கூடுதலாக. மைதா, சமையல் சோடா, உப்பு. கடைசியில் சாறு வடித்த பழங்கள். உருட்டி, தட்டாமல், இடம்விட்டு வைக்கவேண்டும். இதெல்லாம் என் கைக்குத் தெரியும். அந்த அறையின் மின்சாரம்தான் எனக்குத் தெரியாதது.

முதல் தட்டை உள்ளே வைத்துக் கொஞ்ச நேரத்தில் கிணற்று மோட்டார் ஓட ஆரம்பித்தது. ஓவனின் விளக்கு மங்கியது. கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தேன். உருண்டைகள் வேகாமல் உருகிப் பரவிக்கொண்டிருந்தன. மோட்டார் நின்றதும் விளக்கு பளிச்சென்று எரிந்தது. பயந்துபோய் நேரத்தைக் கூட்டிவைத்தேன். வெளியே எடுத்தபோது எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிய ஒரே அடையாக, ஓரம் கறுத்து இருந்தது. ஆறியதும் கல்.

முட்டை எடுக்க வருகிற அக்கா அட்டைகளோடு உள்ளே வந்தவர் நின்று பார்த்தார்.

"ஏனுங்க, இது என்னங்க?"

"பிஸ்கெட்டுங்க அக்கா. கெட்டுப்போச்சு."

அவர் ஒரு துண்டை உடைக்கப் பார்த்தார். உடையவில்லை. "கோழிக்குப் போட்டாக்கூட அலகு போயிருமுங்க" என்றார். பிறகு நான் வருத்தப்படுவேனோ என்று நினைத்திருக்கவேண்டும். "மோட்டாரு ஓடையில கரண்டு இழுக்காதுங்க. மத்தியானத்துக்கு மேல தண்ணி விடமாட்டாங்க, அப்பச் சுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம்வரை காத்திருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. மிச்ச மாவை ஃப்ரிட்ஜில் வைக்கக் கூச்சம். அதில் முட்டை இருந்தது, பக்கத்திலேயே அத்தையின் விரதச் சாப்பாட்டுக்கான தயிர். ஒரு டிபன் பாக்ஸில் போட்டு, தண்ணீர்த் தொட்டிக்குள் மிதக்கவிட்டேன். அது கவிழ்ந்துவிடுமோ என்று தொட்டிக்கும் மாமனாரின் கட்டிலுக்கும் நடுவே நடந்தேன். அவர் ஜன்னல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

மோட்டார் நின்றது. இரண்டாவது தட்டை வைத்தேன். இந்தமுறை கடிகாரத்தை நம்பாமல் ஓவன் முன்னாலேயே நின்றேன். ஓரம் பொன்னிறமாகி, நடுவில் இன்னும் பளபளப்பு மாறாமல் உப்பலாக இருந்தது. மனம் இன்னும் கொஞ்சம் விடு என்றது. முதல் தட்டின் ஞாபகம் எடு என்றது. எடுத்துவிட்டேன். தட்டிலேயே ஆறவிட்டேன். ஆற ஆற அமுங்கி, மேலே சுருக்கம் விழுந்தது. ஒன்றை எடுத்துப் பிட்டேன். ஓரம் முறிந்தது, நடு இழுபட்டது. அத்திப்பழ விதை பல்லில் நெறிபட்டது. அந்த வீட்டுக்கு வந்தபிறகு அப்போதுதான் முழுசாக மூச்சுவிட்டேன் என்று நினைக்கிறேன்.

வாசனை முற்றத்தைத் தாண்டிப் போயிருக்கிறது. மாமனாரின் குரல் கேட்டது.

"என்ன வாசம் இது?"

"அந்தப் புள்ள என்னமோ சுடுது" என்றார் அத்தை, உள்ளேயிருந்து.

"கொண்டாரச் சொல்லு."

அத்தை என்னிடம் சொல்வதற்குள் நானே தட்டோடு போய் நின்றேன். அவர் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் நடுவை அழுத்தினார். முட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற மனிதர், இதையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வேகல போல இருக்குதே."

யாரிடம் சொன்னார் என்று பார்த்தேன். அறையில் என்னைத் தவிர யாருமில்லை.

"அப்படித்தாங்க மாமா. ஓரம் வெந்து நடுவு மெத்துனு இருக்கும்போதே எடுத்துடணும். முழுசா வெந்தா ஆறினதும் கல்லாயிடும்."

அவர் மென்றார். வெகுநேரம் மென்றார்.

"முட்டை எதுல எடுத்தது?"

"கீறல் விழுந்ததா பாத்து எடுத்தேங்க மாமா."

"கீறல் எதுக்கு?" என்றார். குரலில் கோபம்தான் இருந்தது. "நல்ல முட்டையா எடுக்கறது. ஊட்டுக்குத் திங்கறதுக்குக் கீறல் முட்டையா?"

நான் தலையாட்டினேன். தட்டை எடுத்துக்கொண்டு திரும்பினால், "அதை இங்கயே வெச்சுட்டுப் போகட்டும்" என்று மறுபடி சமையலறையைப் பார்த்துச் சொன்னார். மறுநாள் நல்ல முட்டையில் இன்னொரு தடவை சுட்டேன். டப்பா நிறைந்தது. அதுவும் அவருடைய கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலுக்கே போனது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானம் அத்தையின் அண்ணனும் அவர் மனைவியும் மாமனாரைப் பார்க்க வந்தார்கள். முன்கூட்டிச் சொல்லாமல் வந்துவிட்டார்கள். கணவர் சோளம் வாங்கப் போயிருந்தார். கார் சத்தம் கேட்டதும் அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அங்குமிங்கும் பார்த்தார். நான் கட்டுத்துணிகளை எடுத்துவைத்துக்கொண்டிருந்தேன். "உள்ரூம்ல இருந்துக்கறது நல்லது" என்றார். அதட்டலாகச் சொல்லவில்லை, கெஞ்சுவதுபோல இருந்தது. நான் உள்ளறைக்குப் போனேன். கதவை முழுக்கச் சாத்தவில்லை.

அந்த அண்ணனைப் பற்றிக் கணவர் சொல்லியிருக்கிறார். அத்தையை வளர்த்துக் கல்யாணம் பண்ணிக்கொடுத்தவர். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு இந்த வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டவர். கதவிடுக்கில் அவருடைய வெள்ளை வேட்டியும், மனைவியின் புடவைக் கரையும் தெரிந்தன. நலம் விசாரித்தார்கள். பையன் எங்கே என்று கேட்டார்கள். என்னைப் பற்றிக் கேட்கவில்லை. எனக்குக் கட்டிலின் விளிம்பில் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஜன்னல் கம்பியிலிருந்து பெயிண்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

விரத வீட்டில் பலகாரம் ஏது? அத்தை டீயைக் கொடுத்துவிட்டு, சற்றுத் தயங்கி, ஸ்டூலிலிருந்த டப்பாவைத் திறந்து தட்டில் எடுத்துவைத்தார்.

அண்ணன் ஒன்றை எடுத்துக் கடித்தார். "அட, இது நல்லாருக்குதே அம்மிணி. எங்க வாங்குனது?"

"திருச்செங்கோட்டுல புதுசா ஒரு பேக்கரி போட்டிருக்காங்கண்ணா. பையன் வாங்கியாந்தான்."

என் கை நின்றுவிட்டது. இரண்டு நாள் அந்த அறையில் ஓவன் முன்னால் நின்றது, கல்லாகிப் போனது, தொட்டியில் மிதந்த டிபன் பாக்ஸ், எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் ஒரு கடைக்காரனுக்குக் கொடுத்துவிட்டார். உடனே பையை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய் பஸ் ஏறிவிடவேண்டும் என்று கால் பரபரத்தது.

"நல்லாத்தான் இருக்குது" என்றார் அண்ணன், மென்றுகொண்டே. "ஆனா வேகலையே. நடுவுல மாவாட்ட இருக்குது."

"ஆமாங்க, பல்லுல ஒட்டுது" என்றார் அவர் மனைவி. "கடைக்காரன் அவசரத்துல எடுத்துப்புட்டான்."

"வேகாம இல்லீங்க மச்சான்."

மாமனாரின் குரல். கூரையைப் பார்த்துக்கொண்டே சொல்லியிருக்கவேண்டும், அப்படித்தான் ஒலித்தது.

"ஓரம் வெந்ததும் எடுத்துரோணும். முழுசா வெந்துச்சுன்னா ஆறுனதுக்கப்பறம் கல்லாயிரும்."

"அதெப்படி மாப்பிள்ளை உங்களுக்குத் தெரியும்? காலு ஒடிஞ்சதும் பேக்கரி வெச்சுட்டீங்களா?" அண்ணன் சிரித்தார்.

மாமனார் சிரிக்கவில்லை.

"எம் மருமவ சுட்டது. நம்ம முட்டை ரூம்லதான்."

கோழிகளின் சத்தம் மட்டும் கேட்டது. கதவிடுக்கில் ஒரு கை தெரிந்தது. கையிலிருந்த பாதிக் குக்கீஸ் தட்டின் ஓரத்துக்கு மெல்லத் திரும்பிப் போனது. மனைவி கைக்குட்டையால் விரல்களைத் துடைத்தார். ஒருவரும் கோபப்படவில்லை. சோளம் லோடு வருகிறது, போகவேண்டும் என்றார் அண்ணன். டீ பாதியில் நின்றது. "இன்னொரு நாளைக்கு வாரேன்" என்று மாமனாரிடம் சொன்னார். அத்தை கேட்வரை ஓடினார். கார் போய்விட்டது.

நான் உள்ளறையைவிட்டு வெளியே வந்தேன். ஒளிந்திருக்க அதற்குமேல் காரணம் எதுவுமில்லை. அத்தை திரும்பி வந்து கட்டிலின் முன்னால் நின்றார்.

"எதுக்குச் சொன்னீங்க? கம்முனு இருந்திருக்கலாமல்ல?"

"எதுக்குப் பொய் சொல்லோணும்?"

"பொய்யா? கடைன்னு சொன்னாத்தான் எங்கண்ணன் திங்கும். தெரியாதா உங்களுக்கு?" அத்தையின் குரல் உடைந்தது. "அந்தப் புள்ள ரண்டு நாளா ஒக்காராம நின்னுக்கிட்டே கெடந்து சுட்டுது. எனக்கு விரதம், என்னால ஒண்ணு எடுத்து வாயில போட முடியல. வந்தவங்களாச்சும் வயிறாரத் தின்னுட்டுப் போகட்டும்னு நெனச்சேன். நல்லாருக்குதுன்னு சொன்னாங்கல்ல? அதைக் கெடுத்துப்புட்டீங்க."

மாமனார் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

எனக்கு யார்மேல் கோபப்படுவது, யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் என்னைக் கடைக்காரனுக்கு விற்றவர் என்று நினைத்தேனே, அவர் எனக்காகத்தான் பேசியிருக்கிறார். என்னை மருமகள் என்று சொன்னவரால் அத்தையின் அண்ணன் எழுந்து போய்விட்டார். இரண்டு பேரும் என் பொருட்டுத்தான் சண்டை போட்டார்கள். நான் நடுவில் நின்று, "கட்டு மாத்தணுங்க மாமா" என்றேன். அத்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "பஞ்சு அந்த டப்பால இருக்குது, எடுத்துக்க" என்றார்.

எடுத்துக்க என்றார். அதைக்கூட அப்போது நான் கவனிக்கவில்லை. பஞ்சை நனைக்கும்போதுதான் உறைத்தது.

கணவர் வந்ததும் சொன்னேன். நின்றபடி கேட்டுவிட்டு, தன் தாய்மாமாவைப் பற்றி, "மாமா தின்னாங்களா?" என்றார்.

"பாதி."

அவர் தலையை ஆட்டிவிட்டு, முகம்கூடக் கழுவாமல் மறுபடி ஷெட்டுக்கே போனார். அன்று சாயங்காலம் எங்கள் நால்வரில் ஒருவரும் ஓரிடத்தில் நிலையாக இருக்கவில்லை, எழமுடியாத மாமனாரைத் தவிர. அவரும் கட்டிலில் புரளமுடியாமல் கைவிரல்களால் போர்வையைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

கிறிஸ்துமஸ் காலையில் என்னைச் சேலத்துக்குக் கூட்டிப்போவதாகக் கணவர் சொல்லியிருந்தார். முட்டை லாரி வந்து நின்றுவிட்டது. நான் தனியாகப் போனேன். ஒரு சின்ன டப்பாவில் அம்மாவுக்குக் கொஞ்சம் குக்கீஸ். எங்கள் தேவாலயத்தில் ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் எல்லோரும் கை கொடுத்தார்கள், வாழ்த்துச் சொன்னார்கள், வீட்டுக்கு வரச்சொன்னார்கள். எனக்கு எதிலும் மனம் நிற்கவில்லை. பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே மாமனாருக்குக் காலை ஊசியை நான் போட்டேனா என்று ஒரு சந்தேகம். போட்டேன் என்று தெரியும். ஆனாலும் சந்தேகம்.

அயோத்தியாப்பட்டணத்தில் அம்மா பிரியாணி செய்திருந்தாள். தட்டில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"அங்க எப்படிம்மா வச்சிருக்காங்க உன்னை?"

"நல்லா வச்சிருக்காங்கம்மா."

"பேசறாங்களா?"

"பேச ஆரம்பிச்சிருக்காங்க."

"பின்ன ஏன் இப்படி இருக்க? வந்ததுல இருந்து மணியையே பாக்குற. உக்காந்து சாப்பிடு."

உட்கார்ந்துதான் இருந்தேன். இரண்டு வருடமாக அந்த வீட்டுக்குள் போகவேண்டும் என்று ஏங்கியிருந்தேன். போனபிறகு அங்கிருந்து ஓடிவிடவேண்டும் என்று தவித்தேன். இப்போது என் சொந்த அம்மாவின் வீட்டில் உட்கார்ந்துகொண்டு அங்கே திரும்பிப்போகத் துடிக்கிறேன். இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? குக்கீஸைக் கடித்துவிட்டு, "இந்த வருஷம் நல்லா வந்திருக்கு" என்றாள். "முட்டை நல்ல முட்டைம்மா" என்றேன்.

திரும்பும் பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. மகுடஞ்சாவடி தாண்டியதும் போன் அடித்தது. பெயரில்லாத எண்.

"நாந்தான்" என்றது குரல். யாரென்று புரிய ஒரு நொடி ஆனது. "பூசை முடிஞ்சுதா?"

"முடிஞ்சதுங்க மாமா."

"எப்ப வாரே?"

"வந்துட்டே இருக்கேங்க மாமா. கட்டு மாத்தற நேரத்துக்குள்ள வந்துடுவேன்."

"கட்டுக்குக் கேக்கல."

பஸ் குலுங்கியது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பின்னணியில் கோழிகளின் சத்தம் கேட்டது.

"திருச்செங்கோட்டுல எறங்கி நில்லு. அவன் வண்டியெடுத்துட்டு வாரான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

லீவை நீட்டித்துப் பொங்கல்வரை இருந்தேன். மாமனார் வாக்கரைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் நடக்க ஆரம்பித்தார். அத்தை இப்போது என்னிடம் நேராகப் பேசினார். சிலசமயம் திட்டவும் செய்தார், வெங்காயத்தைப் பெரிதாக நறுக்கிவிட்டேன் என்று. ஆனால் அடிக்கடி போனை எடுத்துப் பார்த்துவிட்டு வைப்பார். அண்ணனிடமிருந்து அழைப்பு இல்லை. அத்தையே அழைத்தாலும் அண்ணி எடுத்து, வெளியே போயிருக்கிறார் என்பாராம். என்னால் வந்தது என்று அத்தை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பொங்கலன்று காலையில் ஒரு பைக் வந்து கேட்டுக்கு வெளியே நின்றது. அண்ணன்தான், தனியாக வந்திருந்தார். பின்னால் கரும்புக் கட்டும் மஞ்சள் கொத்தும் ஒரு பையும். அத்தை பாதிக் கோலத்தில் எழுந்து ஓடினார். நான் வாசற்படியில் நின்றேன்.

"வாங்கண்ணா. உள்ள வாங்க."

"இல்லம்மிணி, நேரமாச்சு. சீரைக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"ஒரு வாய் பொங்கச் சோறு தின்னுட்டுப் போங்கண்ணா."

"இன்னொரு நாளைக்கு" என்றார். பைக்கை விட்டு இறங்கவில்லை. காலை ஊன்றி நின்றபடியே கரும்பை அவிழ்த்துக் கொடுத்தார். ஒருமுறை நிமிர்ந்து என் பக்கம் பார்த்தார். வெறுப்பாகப் பார்த்ததாகச் சொல்லமாட்டேன். என்ன செய்வதென்று தெரியாத ஒருவரின் பார்வையாக இருந்தது. நான் கைகூப்பினேன். அவர் தலையை அசைத்தாரா, ஹெல்மெட்டைச் சரிசெய்தாரா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. பைக் கிளம்பிவிட்டது.

கணவர் தன் வண்டிச் சாவியைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடிவந்தார், பின்னாலேயே போய்க் கூட்டிவருகிறேன் என்று. மாமனார் வாக்கரோடு நிலைப்படிவரை வந்திருந்தார். "போவாத" என்றார். "கேட்டுவரைக்கும் வந்துட்டாருல்ல. வருவாரு."

அத்தை கரும்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு உள்ளே வந்தார். கேட்டைச் சாத்தவில்லை. அடுப்பில் பால் பொங்கியது, எல்லோரும் சாப்பிட்டோம், முட்டை எடுக்கும் அக்கா வந்து பொங்கல் வாங்கிக்கொண்டு போனார். கேட் திறந்தபடியே கிடந்தது. ஒரு இடத்தில் இருக்கமுடியாமல் நானும் இரண்டு மூன்று தடவை போய்ச் சாலையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.